நேபாளத்துப் பொன்முலாம் தாரா: மெழுகு முதல் மெருகு வரை முழுமையான வழிகாட்டி

காத்மாண்டு பள்ளத்தாக்கில் பாடன் என்கிற லலித்பூர் நகரம், பொன்முலாம் பூசிய தேவி படிமங்களுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர் போனது. பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார்களில் சாக்கியக் குடும்பங்கள் இன்றும் பௌத்த தேவியரான தாராவையும் வசுதாராவையும், கூடவே துர்க்கையையும் லட்சுமியையும் வார்த்துப் பொன் ஏற்றுகிறார்கள். 1260இல் திபெத்துக்குப் போய், பிறகு மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அரசவைச் சிற்பியான அரனிகோ இந்தப் பள்ளத்தாக்குக்காரர்தான்.

சுமார் 30 செ.மீ. உயரமுள்ள ஒரு பச்சைத் தாரா எப்படி உருவாகிறாள், எந்தக் கட்டத்தில் எது கெடும், ஏன் கெடும் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். முறை சுருக்கமாக இதுதான்: மெழுகில் உரு செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சிலை செய்யச் சொல்பவர், வாங்குபவர், வீட்டில் வைத்துப் பராமரிப்பவர், அருங்காட்சியகத்தில் நின்று உற்றுப் பார்ப்பவர் என எல்லோருக்கும் இது உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பொன் ஏற்றும் கட்டத்தில் பாதரசம் ஆவியாகும். அந்தப் பகுதி புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது, வீட்டில் செய்துபார்ப்பதற்காக அல்ல.

உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது

பொன் நன்றாகப் பிடிக்குமா என்பது கடைசியில் அல்ல, உலோகத்தை எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அருங்காட்சியகச் சீட்டுகளில் "பொன்முலாம் வெண்கலம்" என்று போட்டிருந்தாலும், நேபாளத்துப் பழைய படிமங்களில் பெரும்பாலானவை கிட்டத்தட்டத் தூய செம்பு. பஞ்சலோகம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விநோதமாகத் தெரியலாம். ஏனென்றால் வார்ப்பதற்குச் செம்பு சள்ளை பிடித்த உலோகம். 1085 டிகிரி செல்சியஸில்தான் உருகும், குழம்பாக ஓடும், காற்றிலுள்ள வாயுக்களை உறிஞ்சிக்கொண்டு இறுகும்போது குமிழியாகக் கக்கும். தகரமும் ஈயமும் சேர்த்தால் இந்தத் தொல்லைகள் குறையும்.

ஆனாலும் நேவார்கள் செம்பை விடாததற்குக் காரணம் பாதரசம். பொன்னை அதில் கரைத்துத்தான் சிலைமேல் பூசுகிறார்கள். ஈயம் பாதரசத்தில் எளிதாகக் கரையும். ஈயம் கலந்த வெண்கலத்தின் மேல் பொன்-பாதரசக் கலவையைப் பூசிச் சூடேற்றினால், ஈயம் மேலே வந்து சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக நிற்கும். அந்த இடங்களில் பொன் பிடிக்காது. தூய செம்பில் அந்தச் சிக்கல் இல்லை. முலாம் லேசாகத் தேய்ந்தாலும் அடியில் தெரியும் சிவப்பு, பொன்னின் நிறத்தோடு ஒத்துப்போகும். ஆகவே சிலை செய்யச் சொல்லும்போது முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பூச்சு?" என்பதல்ல, "எந்த உலோகம்?" என்பதுதான். பித்தளையில் வார்த்து மேலே பொன் ஏற்றியதும் கடைகளில் உண்டு. அது விலை குறைவு, வேறு சரக்கு.

அளவும் அடையாளமும்

பச்சைத் தாராவின் வலக்கால் பீடத்திலிருந்து கீழே இறங்கிச் சிறு தாமரையின் மேல் நிற்கும், இடக்கால் மடங்கியிருக்கும். வலக்கை முழங்காலின் மேல் வரம் தரும் வரத முத்திரையாக விரியும். இடக்கை மார்பருகே நீலோற்பலம் என்ற நீல மலரின் தண்டைப் பிடித்திருக்கும். வெள்ளைத் தாராவுக்கு இரு கால்களும் மடங்கி, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் கூடுதல் கண்கள் இருக்கும், மொத்தம் 7. வசுதாராவுக்கு ஆறு கைகள், ஒரு கையில் நெற்கதிர். சாந்தமான தேவியருக்கு நவதாளம், அதாவது ஒன்பது முக உயரம், ஒரு முகத்துக்கு 12 அங்குலம் வீதம் 108 அங்குலம் என்பது வழக்கிலுள்ள அளவுகளில் ஒன்று. இந்த அங்குலம் அந்தச் சிலையின் முகத்திலிருந்தே எடுக்கும் அலகு. அளவுகோலில் இருக்கும் அங்குலத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செம்பு இறுகி ஆறும்போது நீளத்தில் சுமார் 2 சதவீதம் சுருங்கும். 30 செ.மீ. சிலை வேண்டுமென்றால் மெழுகு உரு 30.6 செ.மீ. இருக்க வேண்டும். பீடத்தில் உட்காரும் சிலையில் இதைக் கவனிக்காமல் விட்டால், தனியாக வார்த்த பீடமும் உடலும் ஒன்றோடொன்று பொருந்தாது.

மெழுகு

தேன்மெழுகும் குங்கிலியமும்தான் அடிப்படை. குளிர்காலத்தில் மெழுகு வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ கூடும், வெயில் காலத்தில் குங்கிலியம் கூடும். விகிதத்தைப் பட்டறைதான் முடிவு செய்கிறது. விரலால் வளைத்தால் வளைய வேண்டும், விட்டால் அப்படியே நிற்க வேண்டும்.

சுவாமிமலையில் பெரும்பாலும் கட்டி வார்ப்பு. மெழுகு உரு முழுக்கத் திண்மமாக இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்து, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கும் 8ஆம் நூற்றாண்டுத் தாராவும் 143 செ.மீ. உயரத்துக்குக் கட்டியாக வார்த்துப் பொன் பூசியதுதான். அவ்வளவு பெரிய உருவத்தைத் திண்மமாக வார்ப்பது அசாத்தியமான வேலை. பாடனில் பெரும்பாலும் உட்கூடு வார்ப்பு, அதாவது சிலையின் உள்ளே வெற்றாக இருக்கும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மெழுகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, முன் பாதி, பின் பாதி, கைகள், தண்டு, மகுடம் என்று தனித்தனியாக எடுத்து, சூடான கத்தியால் ஒட்டுகிறார்கள். நகைகளும் ஆடை மடிப்புகளும் மெழுகிலேயே வந்துவிட வேண்டும். உலோகத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது ஒரு நாள் வேலையை ஒரு வார வேலையாக்கும்.

ஒட்டிய இடம் மயிரிழை அளவுக்குக் கூடத் தெரியக் கூடாது. மெழுகிலுள்ள கோடு செம்பில் கோடாக வரும், செம்பிலுள்ள கோட்டைப் பொன் மூடாது. முலாம் சில மைக்ரோமீட்டர் தடிமன்தான். மயிரிழையை விட மிக மெலிதான அந்தப் படலம், அடியிலிருக்கும் குறையை இன்னும் பளிச்சென்று காட்டத்தான் செய்யும்.

மெழுகின் எடையை இப்போதே போட்டு வைக்க வேண்டும். தேன்மெழுகின் அடர்த்தி சுமார் 0.96, செம்பினுடையது 8.96. ஆகவே மெழுகு எடையைப் போல 9.3 மடங்கு செம்பு வேண்டும். உரு 500 கிராம் இருந்தால் சிலைக்கு மட்டும் 4.7 கிலோ. உலோகம் ஓடும் வாய்க்கால்கள், உருக்கும் பாத்திரமான மூசையில் ஒட்டிக்கொள்வது, மேலே ஆடையாகக் கழிவது எல்லாம் சேர்த்து 5.5 முதல் 6 கிலோ உருக்குவது பாதுகாப்பு. பாதியில் செம்பு தீர்ந்துபோனால் மகுடமில்லாத தேவிதான் மிஞ்சுவாள். மேலிருந்து இன்னொரு மூசை ஊற்றிச் சேர்க்க முடியாது. இறுகிய விளிம்பில் புது உலோகம் ஒட்டாமல் மடிப்பாக நிற்கும்.

மண் கூடு

முதல் பூச்சு மிக நைசான களிமண்ணும் வடிகட்டிய பசுஞ்சாணமும் சேர்ந்த குழம்பு. இதுதான் தாராவின் இமையையும் விரல் நகத்தையும் பிரதியெடுக்கும். காற்றுக் குமிழி ஒன்று மெழுகின் மேல் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் செம்பு ஒரு சிறு மணியாக வரும். கன்னத்தில் வந்தால் சீவிவிடலாம், கண்ணோரத்தில் வந்தால் சிரமம். அதனால் தூரிகையால் அழுத்தித் தேய்க்காமல், குழம்பை ஊற்றி வழியவிட்டு, இடுக்குகளில் ஊதிவிடுகிறார்கள். ஒவ்வொரு பூச்சும் நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. வெயிலில் வைத்தால் மெழுகு விரிந்து, மண் வெடிக்கும். வெடிப்பில் செம்பு புகுந்து சிலைமேல் வாள் போலத் தகடு நிற்கும்.

நைசான பூச்சுகளுக்கு மேலே, உமி கலந்த கரடான மண். சூளையில் உமி எரிந்து நுண்துளைகளை விட்டுப்போகும். வாயு வெளியேறுவதற்கான வழி அதுதான். சிலையின் உள்ளே நிரப்பிய கருமண்ணும் வெளிக் கூடும் ஒன்றையொன்று விட்டு நகராதபடி, மெழுகைக் குத்திக்கொண்டு ஆணிகள் போக வேண்டும். ஆணி தளர்ந்து கருமண் ஒரு பக்கம் சாய்ந்தால், முதுகு தடிமனாகவும் மார்பு ஓட்டையாகவும் வரும்.

வார்ப்பு

கூட்டைக் கவிழ்த்துச் சூடேற்றி மெழுகை வடிக்க வேண்டும். பிறகு உள்ளே சிவப்பு ஒளி தெரியும்வரை சுட வேண்டும். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. ஈரக் கூட்டில் உருகிய செம்பு பட்டால் நீராவி வெடித்து உலோகம் மேலே தெறிக்கும். பட்டறையில் நடக்கும் மோசமான விபத்து இதுதான்.

மூசையிலுள்ள செம்பை உருகுநிலைக்கு மேலே 1150 டிகிரி அளவுக்கு ஏற்றி, மேலே கரித்துண்டு போட்டு மூடி வைப்பார்கள். கரி காற்றை அண்டவிடாது. சுவாலை பச்சையாக மாறுவதைப் பார்த்துப் பக்குவம் சொல்லும் அனுபவசாலிகள் இன்றும் இருக்கிறார்கள். ஊற்று மெல்லிய இடைவிடாத கம்பியாக விழ வேண்டும். விட்டு விட்டு ஊற்றினால் மடிப்பு விழும், அவசரப்பட்டுக் கொட்டினால் காற்று சிக்கும்.

தாராவில் எப்போதும் பயமுறுத்தும் இடம் இடக்கையும் நீலோற்பலத் தண்டும். விரலிலிருந்து கிளம்பும் தண்டு தோளருகே போய் மறுபடியும் உடலோடு சேர்கிறது. மூடிய வளையம் அது. ஆறும்போது செம்பு சுருங்கப் பார்க்கும், வளையத்துக்குள் இருக்கும் மண் விட்டுக்கொடுக்காது. விளைவு: விரலடியில் விரிசல். இதற்காகவே பல பட்டறைகள் தண்டையும் பூவையும் தனியாக வார்த்துப் பிறகு பொருத்துகின்றன. அப்படிப் பொருத்தியிருந்தால் குறையல்ல, நல்ல யோசனை.

சீர் செய்தல்

கூட்டை உடைத்ததும் வருவது கருத்த, வாய்க்கால் முளைத்த, ஆணி துருத்திய உருவம். அறுத்து, அரத்தால் ராவி, ஓட்டைகளைச் செம்பாலேயே அடைக்கிறார்கள். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, அதே செம்பில் ஒரு துண்டை இறுக்கி அறைந்து மட்டமாக்க வேண்டும். ஈயப் பற்று வைத்தால் பொன் ஏற்றும்போது காட்டிக்கொடுத்துவிடும். காரணம் முன்பே சொன்னதுதான்.

பிறகு உளிவேலை. மொத்த உழைப்பில் பெரும் பங்கு இங்கேதான் போகிறது. தாராவின் இடையாடையில் ஒரு பூ வரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல வேலையில் ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் உளி ஒரே ஆழத்தில் இறங்கியிருக்கும், இதழுக்கு இதழ் இடையிலிருக்கும் தரை முழுக்கப் பொடிப்புள்ளிகளால் மட்டம் செய்யப்பட்டிருக்கும். விரைவு வேலையில் இதழ்கள் மெழுகில் வந்தபடி மொழுக்கென்று இருக்கும், தரை வழவழப்பாகவே விடப்பட்டிருக்கும். சிலையின் தரத்தை நிர்ணயிக்க எனக்கு இதைவிட நம்பகமான இடம் தெரியாது. முகத்தை எல்லோரும் அக்கறையாகச் செய்வார்கள்.

பொன் ஏற்றுதல்

முதலில் சுத்தம். எண்ணெய்ப்பசை போகக் கழுவி, மென் அமிலத்தில் ஊறவைத்து, பூந்திக்கொட்டை நீரில் தேய்த்து, ஓடும் நீரில் அலச வேண்டும். சுத்தமான செம்பின் மேல் நீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக விரியும். முத்து நிற்கும் இடத்தில் பொன் நிற்காது. கைரேகை ஒன்று போதும், பூச்சு உரிந்து வர.

பொன்னை மெல்லிய தகடாக அடித்து நறுக்கி, அல்லது பொடியாக்கி, அதன் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு பாதரசத்தில் கரைக்கிறார்கள். அதிகப் பாதரசத்தைத் தோலில் கட்டிப் பிழிந்தால் வெண்ணெய்ப் பக்குவத்தில் வெள்ளி நிறக் கலவை மிஞ்சும். செம்பின் மேல் முதலில் பாதரசத்தை மட்டும் தடவி வெளுக்க வைத்து, அதன் மேல் கலவையைச் சமமாகப் பரப்ப வேண்டும். இந்த நேரத்தில் தாரா முழுக்க வெள்ளியாகத் தெரிவாள்.

பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும். சூட்டை மெல்ல ஏற்றி, சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கலவையைப் பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளி நிறம் மங்கி மஞ்சளாகும். அவசரமாகச் சூடேற்றினால் பாதரசம் கொப்பளித்துப் பொன்னில் ஊசித்துளை போடும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் பொன் செம்புக்குள்ளேயே ஊடுருவி, மேற்பரப்பு தவிட்டு நிறமாகும். மடிப்புகளிலும் விரலிடுக்கிலும் கலவை தேங்கும், மூக்கு நுனியிலும் முழங்காலிலும் மெலியும். அதனால்தான் இரண்டு, மூன்று முறை திரும்பப் பூசுகிறார்கள்.

எவ்வளவு பொன் ஆகும்? கணக்கு எளிது. 30 செ.மீ. சிலையின் முலாம் பூசும் பரப்பு 1,500 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு 0.45 கன செ.மீ. பொன், எடையில் சுமார் 8.7 கிராம். 5 மைக்ரோமீட்டருக்கு 14.5 கிராம். கடைக்காரர் சொல்லும் விலையை இந்தக் கணக்கோடும் அன்றைய பொன் விலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொன்னின் விலைகூடத் தேறாத தொகைக்கு "முழுத் தங்கம்" என்றால், அது மின்சாரத்தால் படியவைக்கும் மின்முலாமாகவோ பொன்னிறச் சாயமாகவோதான் இருக்கும்.

சூட்டிலிருந்து வெளிவரும் பொன் மங்கலாக, மணல் போட்டது போலிருக்கும். அகேட் கல்லாலோ வழவழப்பான எஃகாலோ, பூந்திக்கொட்டை நீர் தொட்டு அழுத்தித் தேய்த்தால்தான் ஒளி வரும். முகத்தையும் மார்பையும் பளபளக்கத் தேய்த்து, ஆடையை மங்கலாகவே விட்டால் தேவியின் மேனி தனித்துத் தெரியும். எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மினுக்கிவிடுவது இன்றைய சந்தை வழக்கம். அது சிற்பத்தைத் தட்டையாக்கிவிடுகிறது.

பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.025 மில்லிகிராம். 20 டிகிரியில், சூடேற்றாமலே, மூடிய அறையில் திறந்து வைத்த பாதரசம் காற்றில் 13 மில்லிகிராம் வரை ஏற முடியும், அதாவது 500 மடங்கு. நடுக்கம், நினைவு மங்கல், சிறுநீரகச் சேதம் என்று அது நரம்பையும் உறுப்பையும் தின்னும். சன்னலைத் திறந்து வைப்பதோ துணியை மூக்கில் கட்டுவதோ இதற்குப் போதாது. ஆவி வேலை செய்பவர் பக்கம் வராதபடி மூடிய சூட்டுக் கூண்டு, வெளியேறும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் புகைப்போக்கி, பாதரசத்துக்கென்றே உள்ள வடிகட்டி கொண்ட முகமூடி இவை மூன்றும் வேண்டும். சிலை செய்யச் சொல்பவர்கள் பட்டறையில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்குபவர்கள் தொடர்ந்து கேட்டால்தான் அதற்குச் செலவு செய்ய மனம் வரும். நமக்கு அழகு வேண்டுமென்பதற்காக இன்னொருவர் உடல் கெடுவது நியாயமில்லை.

கல், வண்ணம், அடைப்பு

டர்க்காயிஸ் போன்ற கற்கள் சூட்டில் நிறம் மாறும், வெடிக்கும். ஆகையால் குழிகளை முன்பே வெட்டி வைத்துவிட்டு, பொன் ஏறிய பிறகே கற்களைப் பதிக்க வேண்டும். திபெத்திய முறையில் முகத்துக்குப் பொன்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, கண், உதடு வரைந்து, கூந்தலுக்கு நீலம் தீட்டுவார்கள். இது சூடு காட்டாத பூச்சு, தண்ணீர் பட்டால் போய்விடும். பௌத்த வழிபாட்டுக்கென்றால் உட்கூட்டில் மந்திரச் சுருள்களும் தானியங்களும் நிரப்பி, அடியில் விசுவ வஜ்ரம் என்ற குறுக்கு வஜ்ரச் சின்னம் பொறித்த செம்புத் தகட்டால் அடைப்பார்கள். அடைத்ததை ஆர்வத்துக்காகத் திறக்கக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சிலையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இருந்தால் செம்பு, மஞ்சளாக இருந்தால் பித்தளை. பாதரச முலாம் விளிம்பில் ஒழுங்கில்லாமல் கரைந்து முடியும், உள்ளே தெறித்த திட்டுகள் இருக்கலாம். உட்புறமும் ஒரே சீராகப் பொன்னாக இருந்தால் மின்முலாம் என்று சந்தேகிக்கலாம். மின்முலாம் வணிகத்துக்கு வந்தது 1840இல் எல்கிங்டன் பெற்ற காப்புரிமைக்குப் பிறகுதான். 15ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் சிலையில் மின்முலாம் இருந்தால், ஒன்று சிலை புதிது, இல்லையென்றால் பின்னாளில் யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள். உறுதி வேண்டுமென்றால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை இருக்கிறது. சிலையைச் சுரண்ட வேண்டியதில்லை, முலாமில் மிச்சமிருக்கும் பாதரசத்தை அது காட்டும்.

தேய்மானத்தையும் கவனியுங்கள். உண்மையான வழிபாட்டுத் தேய்மானம் கை படும் இடங்களில் வரும்: முழங்கால், பாதம், மூக்கு, நெற்றி. மடிப்புகளின் ஆழத்தில் பொன் அப்படியே இருக்கும். ஆழத்தில் பொன் போய், மேடுகளில் இருந்தால் அமிலத்தால் பழசாக்கியது.

பராமரிப்பு

புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் கூடாது. மூன்று மைக்ரோமீட்டர் பொன்னைப் பொடி சில தேய்ப்பில் அரித்துவிடும். புளியின் அமிலம் இன்னும் மோசம். ஊசித்துளைகள் வழியே இறங்கி, பொன்னை விட்டுவிட்டு அடியிலிருக்கும் செம்பைத் தின்னும். பொன்னும் செம்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது எப்போதும் செம்புதான். பால், பஞ்சாமிர்த அபிஷேகமும் இப்படித்தான் பாதிக்கும். அபிஷேகம் செய்தே ஆக வேண்டுமென்றால் அதற்கெனச் சிறிய, முலாம் இல்லாத படிமம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

மென்மையான உலர் தூரிகையால் தூசி தட்டினால் போதும். தூக்கும்போது கையுறை அணிந்து, பீடத்தையும் உடலையும் சேர்த்துப் பிடியுங்கள், தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். வெளிர் பச்சையாகப் பொடிபோல் பூத்தால் அது குளோரைடு அரிப்பு. துடைத்தால் மறுபடி வரும். சிலையை உலர்ந்த பெட்டியில் தனியாக வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நேபாளத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட படிமங்களை வெளியே கொண்டுவர முடியாது. புதிய சிலைக்கும் அது பழம்பொருளல்ல என்று அந்நாட்டுத் தொல்லியல் துறையின் சான்று வேண்டும். கடைக்காரரே பெற்றுத்தருவது வழக்கம், பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பேசிவிடுங்கள். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள். "பழைய சிலை, கோயிலிலிருந்து வந்தது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வாங்காதீர்கள். அந்தக் கோயிலில் அந்தத் தேவி இருந்த இடம் காலியாக இருக்கும்.